சாதுக் கோழி எந்த ஜாதி?

"எந்த ஜாதிக் கோழி சாது?" என்று விசாரித்துக்கொண்டு புறப்படுகிற குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. கேள்வி நியாயமானதுதான். வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி மேய வேண்டும், குழந்தை பக்கத்தில் போனால் கொத்தக் கூடாது, "பா... பா..." என்று கூப்பிட்டால் ஓடிவர வேண்டும், கையில் எடுத்தால் ஊரைக் கூட்டக் கூடாது, அவ்வப்போது ஒன்றிரண்டு முட்டையும் கிடைத்தால் நல்லது. இதில் பேராசை எதுவும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு. கேட்கிறவர் வீடு எங்கே இருக்கிறது, அங்கே வெயில் எப்படி, சின்னக் குழந்தை உண்டா, பகலில் வீட்டில் ஆள் இருப்பார்களா என்று ஒன்றையும் கேட்காமல், தங்கள் கூண்டில் எது விற்காமல் நிற்கிறதோ அதையே சாது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதுத்தனம் என்பது ஜாதிப் பெயர் ஒட்டி விற்கிற சரக்கு அல்ல. அதில் பிறப்புக்கு ஒரு பங்கு உண்டு. வளர்ப்புக்கு ஒரு பங்கு உண்டு. பிறப்பின் பங்கும்கூட ஜாதிப் பெயரோடு நின்றுவிடுவதில்லை. இந்தப் பெட்டை எப்படி, இந்தச் சேவல் எப்படி என்று தனித்தனியே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அது. ஆகவே வல்லத்தில் ஒரு குடும்பம் கோழி வளர்க்க ஆசைப்பட்டால், அது தேடிப்போக வேண்டிய கோழி எந்தச் சீமையிலும் இல்லை. நாலு வீடு தள்ளி, குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருக்கிற சிறுவிடைதான்.

வல்லம் என்றதும் தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது விழுப்புரம் மாவட்டத்து வல்லம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருப்பது. மானாவாரி மல்லாட்டையும் ஏரித் தண்ணீர் நெல்லும் விளைகிற பூமி. சித்திரை வைகாசியில் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய வெக்கையை இரவிலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவது இங்கே அதிசயமில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் அதுவும் சாமான்யமாகப் பெய்யாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்த வெயிலிலும் இந்தச் சேற்றிலும் நிற்கப்போகிற கோழிக்குத்தான் நாம் சம்பந்தம் பேசுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, சந்தையில் கிடைக்கிற பதில்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் பதில், சீமைக் கோழி. பிரம்மா, கொச்சின், சில்க்கி, ஆர்ப்பிங்டன் என்று பெயர்கள். படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பிரம்மா ஒரு சின்ன ஆட்டுக்குட்டி உயரம் நிற்கும்; கால் விரல் வரை இறகு. சில்க்கிக்கு இறகு பஞ்சுபோல இருக்கும். இவை சாதுவானவை என்று சொல்வது பொய்யில்லை. குளிர் தேசத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக மடியில் வைத்து வளர்த்த ஜாதிகள். மனிதனைக் கண்டு மிரளாதவை. ஆனால் எந்த ஊரில் சாது என்று ஒரு கேள்வி இருக்கிறதே!

கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதன் மேல் ஒரு கம்பளியையும் போர்த்தி வல்லத்து மே மாத வெயிலில் நிறுத்தினால் அது எப்படி இருக்கும்? சாதுவாகத்தான் இருக்கும், துவண்டு கிடக்கிற பிராணி யாரைக் கொத்தப் போகிறது! மழைக்காலத்தில் அந்த இறகுக் கால் சேற்றில் ஊறி, மண் கட்டி கட்டியாய் ஒட்டிப் புண்ணாகும். வாங்கிய வீட்டார் ஈரத்துணியும் மின்விசிறியுமாக அதற்குப் பணிவிடை செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். வசதியுள்ளவர்கள் ஆசைக்குச் செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்திடம் ஜோடிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, "குழந்தைகளுக்கு ஏற்றது" என்று சொல்லி அனுப்புவது யோக்கியமான வியாபாரம் ஆகாது.

இந்தப் பைத்தியம் புதிதும் அல்ல. 1840-களிலும் 50-களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே மோகம் தலைவிரித்து ஆடியது. ஷாங்காயிலிருந்து கப்பலில் வந்த பெரிய கோழிகளுக்கு விலை மேல் விலை ஏறிற்று. பாஸ்டன் பக்கத்துக் கோழி வியாபாரி ஜார்ஜ் பர்ன்ஹாம் 1852-இல் விக்டோரியா மகாராணிக்கே கோழிகளைப் பரிசாக அனுப்பி அதையே விளம்பரமாக்கிக்கொண்டார். மோகம் தணிந்த பிறகு, 1855-இல், அந்த மனிதரே 'கோழிக் காய்ச்சல்' என்ற பொருளில் தலைப்பு வைத்து, ஜனங்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று சிரித்துச் சிரித்துப் புத்தகம் எழுதினார்! பிரம்மா என்ற பெயர் பிரம்மபுத்திராவைச் சொல்லி வைத்தது. ஜாதி உருவானதோ அமெரிக்காவில். கொச்சின் கோழிக்கும் நம்முடைய கொச்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது சீனத்துச் சரக்கு. நம் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டு நம்மிடமே விலைக்கு வருகிறது.

அமெரிக்கா வரை போவானேன்? 2012-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமுக் கோழிப் பண்ணைகள் திவாலானபோது, எத்தனை குடும்பங்களின் சேமிப்பு போயிற்று! கோழி என்று சொன்னால் தமிழன் பையை அவிழ்த்துவிடுகிறான் என்பது அதற்கு முன்பே விற்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது பதில், பெருவிடை. கொஞ்சம் கூட விலை சொல்ல வேண்டுமானால் அசில். "ஒரிஜினல் நாட்டுக்கோழி சார், மஞ்சள் காலைப் பாருங்கள்" என்பார் வியாபாரி. இந்த ஒரிஜினல் பேச்சுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியப் பக்கத்தில் மனிதனோடு சேர்ந்தது. ஆனால் தோலையும் காலையும் மஞ்சளாக்குகிற அம்சம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அதாவது மஞ்சள் கால், கலப்புக்குச் சாட்சி, தூய்மைக்கு அல்ல. அந்தக் கால் இத்தாலிய லெக்ஹார்னுக்கும் உண்டு. காலைப் பார்த்துக் குலம் சொல்கிற ஜோசியத்தை விட்டுவிடுவது நல்லது.

அசிலைப் பற்றி நான் இழிவாகப் பேசமாட்டேன். அதற்கு எங்கள் பக்கத்தில் கோயில் கட்டாத குறைதான். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. நடுகல் என்றால் போரில் விழுந்த வீரனுக்கு நடுவது. இந்தக் கல்லில் செதுக்கியிருப்பது ஒரு சேவல்! ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து. முகையூர் மேலைச்சேரிக்காகப் போராடி மடிந்த கோழி என்று அதற்கு ஞாபகம் வைத்திருக்கிறார்கள். மதுராந்தகம் பக்கத்து இந்தளூரில் இன்னொரு கல். அது கீழைச்சேரிக் கோழி. பொற்கொற்றி என்று பெயர்கூட உண்டு. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் மேலைச்சேரியும் கீழைச்சேரியும் தத்தம் மானத்தை ஒரு பறவையின் முள்ளில் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கின்றன. குறுந்தொகையின் 305-ஆம் பாட்டைப் பாடிய புலவருக்குச் சொந்தப் பெயர்கூட நிலைக்கவில்லை. விலக்கிவிட ஆளில்லாமல் குப்பையில் தாமாகவே பொருது ஓய்கிற கோழிகளை உவமை சொன்னதால் குப்பைக் கோழியார் என்றே அவரை அழைத்துவிட்டார்கள்.

இவ்வளவு பெருமை உள்ள கோழி, மனிதனிடம் சாதுதானா? பெரும்பாலும் சாதுதான்! அதுதான் விந்தை. சண்டைச் சேவலை வளர்க்கிறவன் அதைத் தினமும் கையில் எடுப்பான், தடவுவான், குளிப்பாட்டுவான். கையைக் கொத்துகிற சேவலைக் களத்தில் எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஆகவே எஜமானனிடம் பசு. இன்னொரு சேவலிடம் எமன். அந்த எமத்தனம் முள் முளைத்த பிறகு வருவதல்ல. குஞ்சுப் பருவத்திலேயே ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். பெட்டைகளும் இதில் சளைத்தவை அல்ல. நாலு கோழி ஒன்றாக மேய வேண்டிய சின்னக் கொல்லையில் இதைக் கொண்டுவந்து விட்டால் தினமும் பஞ்சாயத்துத்தான். 1960-ஆம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி கோழிகளை மோதவிடுவது குற்றம். சட்டம் இருந்தும் கட்டுச்சேவலுக்குக் கிராக்கி குறையவில்லை. களத்துக்கு லாயக்கில்லை என்று கழித்த சேவல் கடைசியில் எங்கே வருகிறது? "நல்ல ஜாதி, வீட்டுக்கு வாங்கிப் போங்கள்" என்று குடும்பஸ்தன் தலையில் வந்து விடிகிறது.

வல்லத்துக்கு அடுத்த ஒரு சிற்றூரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று. மருமகள் பன்னிரண்டு கோழி வைத்திருந்தாள். முட்டைக் காசு அவளுடையது. சீட்டுக் கட்டுவதும் பிள்ளைக்கு நோட்டு வாங்குவதும் அதில்தான். கணவன் ஏதோ ஒரு சந்தையிலிருந்து பெரிய சேவல் ஒன்றைக் கொண்டுவந்து விட்டான். பார்க்க ராஜா மாதிரி இருந்ததாம். மூன்றாம் வாரம் அது நாலு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே எகிறிற்று. முள், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கிழித்தது. சேவல் சட்டிக்குப் போனது நியாயம். ஆனால் மாமனார், "இனி இந்த வீட்டில் கோழியே கூடாது" என்று பன்னிரண்டு பெட்டைகளையும் மறுநாளே விற்றுவிட்டார். விற்ற பணம் மருமகள் கைக்கு வரவில்லை. கோழியின் குணம் என்பது ரசனைச் சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் இந்த வீட்டை நினைத்துக்கொள்ளட்டும். ஒரு முரட்டுச் சேவல் ஒரு குழந்தையின் கண்ணை மட்டுமல்ல, ஒரு பெண்ணின் சொந்தக் காசையும் பறித்துவிட வல்லது. குழந்தைகளின் முகம்தானே சேவல் எகிறுகிற உயரத்தில் இருக்கிறது!

மூன்றாவது பதில், ஆராய்ச்சி நிலையங்கள் உண்டாக்கிய கோழிகள்: ஹைதராபாத்தின் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா, நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி. இவை மோசடிச் சரக்கு அல்ல. படித்தவர்கள் பாடுபட்டு, கொல்லையில் மேய்கிற ஏழை வீட்டுக் கோழியும் அதிக முட்டையிட வேண்டும் என்று உருவாக்கியவை. சிறுவிடை வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டை என்றால், வனராஜா நூறுக்கு மேல் போகும். கிராமப்பிரியா அதையும் தாண்டும். குணமும் பெரும்பாலும் அமைதிதான். முட்டை ஒன்றே கணக்கு என்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் அவை சரியாக அடை உட்காருவதில்லை. அதிக முட்டைக்காகத் தெரிந்தெடுக்கும்போது அடைக்குணம் கழிந்துபோகிறது. அவற்றின் முட்டையை வேறு கோழியின் கீழ் வைத்துப் பொரித்தாலும் குஞ்சுகள் தாயைப்போல வருவதில்லை. கலப்பின் பலன் அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். ஒவ்வொரு தரமும் பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து வருகிற குஞ்சு தாயைப் பார்த்ததில்லை. பருந்துக்கு ஒளிய யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பு கனத்து ஓட முடியாத கோழியைப் பிடித்துவிட்டு, "எவ்வளவு சாது!" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. குழந்தையால் பிடிக்க முடிகிற கோழியை நாயாலும் பிடிக்க முடியும். ஓட முடியாமை ஒன்று, சிநேகம் வேறு.

நாலாவது பதிலைப் பதில் என்றே சொல்லக் கூடாது; பாவம் என்று சொல்ல வேண்டும். திருவிழாக்களிலும் தெருக்களிலும் கூடையில் வைத்து விற்கிறார்களே, ரோஜா நிறமும் பச்சையும் ஊதாவும் பூசிய குஞ்சுகள்! அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று கழித்த சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது என்பதால் உலகம் முழுவதும் பிறந்த அன்றே கொல்லப்படுகிற கூட்டம். ஜெர்மனியில் 2022 முதல் அப்படிக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இங்கே சாயத்தில் தோய்த்துக் குழந்தை கையில் கொடுக்கிறோம். பிறந்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு முப்பத்தைந்து டிகிரிச் சூடு வேண்டும். தாயின் இறக்கை அதைத்தான் கொடுக்கிறது. அட்டைப் பெட்டியும் அரிசி நொய்யும் என்ன செய்யும்? மூன்றாம் நாள் காலையில் பெட்டியில் விறைத்துக் கிடப்பதைக் குழந்தை பார்க்கிறது. பிராணிகளிடம் அன்பு காட்டக் கற்றுக்கொடுக்கத்தான் வாங்கினோம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். குழந்தை கற்றுக்கொண்டது, இது செத்தால் இன்னொன்று பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் என்பதை.

சரி, சாதுத்தனம் என்பதுதான் என்ன? கோழி நம்மைக் கண்டு பயப்படாமல் இருப்பது. நம்மை எதிரியாகவும் நினைக்காமல் இருப்பது. இந்தப் பயம் ரத்தத்தில் வருவது வாஸ்தவம். ஸ்வீடனில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் சிவப்புக் காட்டுக்கோழிகளை வைத்துக்கொண்டு, மனிதனைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிப் பார்த்தார்கள். சில தலைமுறைகளுக்குள்ளேயே பயம் குறைந்தது மட்டுமல்ல, உடம்பும் பெருத்தது, முட்டையும் பெருத்தது. ஆதி மனிதன் காட்டுக்கோழியை வீட்டுக்கோழி ஆக்கிய கதையைக் கூண்டுக்குள் மறுபடி நடத்திக் காட்டியதுபோல. இதில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் வேறு ஜாதிக் கோழியைத் தேடிப் போகவில்லை. இருந்த கூட்டத்திலேயே அமைதியானவற்றைப் பொறுக்கினார்கள், அவ்வளவுதான்.

இதை ஸ்வீடனுக்குப் போகாமலே செய்துகொண்டிருக்கிறவர்கள் வல்லத்துப் பக்கம் இருக்கிறார்கள். முப்பது வருஷமாகக் கோழி வளர்க்கிற பெரியம்மா ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தேன். முட்டைகளை இரண்டு சட்டியில் தனித்தனியாக வைத்திருந்தாள். "இது எதுக்கு பெரியம்மா தனியா?" என்றேன். "அது கொத்தற கோழி முட்டைப்பா. அத்தப் போயி அடைக்கு வெப்பனா? அது ஆம்லெட்டுக்கு. அந்தச் செவலை இருக்குது பாரு, மடியில ஏறி ஒக்காரும், அது முட்டைதான் அடைக்கு" என்றாள். அவளுடைய கோழிகளுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. ஆனால் அவள் கொல்லையில் பேரப்பிள்ளைகள் கோழிகளுக்கு நடுவே மண்ணில் விளையாடுகின்றன.

ரத்தத்துக்கு அடுத்தது கை. குஞ்சுப் பருவத்தில் மனிதன் தினமும் பக்கத்தில் வந்து போவதைக் கண்ட கோழிக்கும், கடும் கைகளையே கண்ட கோழிக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கையில் எடுத்துக் கொஞ்சக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே பயம் குறைகிறது என்று சோதனைகள் சொல்கின்றன. காலையில் கொடாப்பைத் தூக்கிவிட்டுக் கையிலிருந்து கம்பையோ கேழ்வரகையோ போடுகிற பாட்டியை நம் வீடுகளிலிருந்து விரட்டிவிட்டு, சாது ஜாதியைக் கடையில் தேடுகிறோம்.

மூன்றாவது, கூட்டத்தின் ஒழுங்கு. நார்வேக்காரர் ஷெல்டெரப் எப்பெ என்பவர் சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறித்துவைத்தார். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் மேல்கீழ் வரிசை ஒன்று இருப்பதை 1920-களின் தொடக்கத்தில் உலகத்துக்குச் சொன்னார். வரிசை நிலைத்துவிட்டால் கொல்லை அமைதியாக இருக்கும். வாரத்துக்கு ஒரு புதுக்கோழியை விலைக்கு வாங்கி விடுகிற வீட்டில் வரிசை ஒருநாளும் நிலைக்காது. ஆகவே அடிக்கடி ஜாதி மாற்றிப் பார்க்கிற ஆசையே சண்டைக்கு விதை போடுகிறது.

மனிதர் விஷயத்தில், பிறப்பை வைத்துக் குணம் சொல்லாதே என்று நூறு வருஷமாகப் பேசியும் எழுதியும் வருகிறோம். கோழிக்கு அந்தச் சலுகையை முழுக்கக் கொடு என்று நான் கேட்கவில்லை. கோழிக்குப் பிறப்பு பேசத்தான் செய்யும். ஆனால் மல்லாட்டை விதைக்கத் தெரிந்த எங்கள் ஜனங்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகமே ஆனாலும், மானாவாரிக்கு எது, இறவைக்கு எது, நம் மண்ணுக்கு எது என்று பத்துப் பேரைக் கேட்டு, விதையை உடைத்துப் பார்த்து வாங்குகிற நீங்கள், கோழியை மட்டும் வண்ணப் படத்தைப் பார்த்து வாங்கலாமா?

ஆகவே சிறுவிடை என்கிறேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நிறத்துக்குக் கணக்கில்லை: செவலை, கருப்பு, புள்ளி. கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி கிடைத்தால் இன்னும் நல்லது. பார்க்க அழகு குறைவு என்று ஒதுக்குகிறார்கள், ஆனால் இறகு குறைந்த உடம்பு வெக்கையைத் தாங்குவதில் மற்றவற்றை மிஞ்சிவிடும். சிறுவிடை பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடை உட்காரும். இருபத்தொரு நாளில் பொரிக்கும். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும். பருந்து நிழல் விழுந்தால் ஒரு சத்தத்தில் எல்லாவற்றையும் இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். மின்சாரம், பொரிப்பகம், பண்ணை ஒன்றும் வேண்டாம். அடுத்த தலைமுறையை அதுவே உங்கள் கையில் கொடுக்கிறது; கொத்துகிறதை விலக்கி, கொத்தாததை வைத்துக்கொள்கிற வாய்ப்பும் உங்களுக்கே. வாங்குகிற கோழியில் அந்த வாய்ப்பு விற்கிறவனிடம் இருக்கிறது.

எப்படி வாங்குவது? செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக்கூட நான் அனுப்பமாட்டேன். கால் கட்டித் தலைகீழாக வந்த கோழியிடம் குணம் பார்க்க முடியாது. தெரிந்த வீட்டுக்கு அந்தி நேரத்தில் போங்கள். கோழிகள் அடைய வருகிற நேரம். வீட்டுக்காரி கை நீட்டினால் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பாருங்கள். குஞ்சோடு இருக்கிற தாய் சீறுவதைக் குற்றமாக எடுக்க வேண்டாம், அது தாய்மை. குஞ்சில்லாதபோதும் பாய்ந்து கொத்துகிறதை விட்டுவிடுங்கள். நிற்கிற பெட்டை ஒன்று, அதன் குஞ்சுகள் ஏழெட்டு என்று தாயோடு வாங்குங்கள். முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமானால் ஒரே சேவல். அது குழந்தையைப் பார்த்து ஒரு தரம் இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஆடி வந்தால், இரண்டாம் தரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வளர்ந்தபின் திருந்துகிற சேவலை நான் கண்டதில்லை.

செலவு என்ன? இரவில் கீரியும் காட்டுப்பூனையும் நுழையாத கூண்டு. சுத்தமான தண்ணீர். குஞ்சுகளுக்குக் கரையான்: பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த கோணியும் வைத்துத் தண்ணீர் தெளித்து மாலையில் கவிழ்த்துவைத்தால் காலையில் தீனி தயார். எல்லாவற்றுக்கும் மேலே தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்கிற நோய், 1927-இல் இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்தில் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவாயிற்று. அதனால் ராணிக்கேத் நோய் என்றே பெயர். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று பெருமை பேசுகிறவர்களின் கொல்லைகளை அது கோடையில் ஒரே வாரத்தில் துடைத்துவிடுகிறது. கால்நடைத் துறை இலவசமாகவே முகாம் நடத்தி ஊசி போடுகிறது. ஆயிரம் ரூபாய்க்கு அலங்காரக் கோழி வாங்கத் தெரிந்தவர்கள் இலவச ஊசிக்குக் கூடை தூக்கி வரமாட்டேன் என்கிறார்கள்!

எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு ஆட்சேபம் சொல்வார்கள். சிறுவிடைக்குக் காட்டுக்குணம், கூரைமேல் ஏறும், வேலி தாண்டும் என்பது ஒன்று. ஏறும்தான். ஏறத் தெரிந்ததால்தான் நாய்க்குத் தப்பிக்கிறது. அந்தியில் வீடு திரும்புகிற கோழி பகலில் எங்கே போனால் என்ன? பக்கத்து வீட்டுக் கத்தரி நாற்றைக் கிளறினால்தான் வம்பு. அதற்கு நாலு முழம் வலை போதும், நாலாயிரம் ரூபாய் ஜாதி வேண்டாம்.

இரண்டாவது, "கடைசியில் அறுத்துக் குழம்பு வைக்கப் போகிற பிராணிக்கு என்னய்யா சிநேகம்?" என்பது. இதைக் கேட்கிறவர்கள் கோழி வளர்த்த வீட்டைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் வளர்த்த கோழியை வளர்த்த கை அறுக்காது. வேறு யாரையாவது கூப்பிடுவார்கள். அன்றைக்குக் குழந்தை சாப்பிடாமல் எழுந்து போகும்; யாரும் அதைத் திட்டமாட்டார்கள். முட்டை நின்றுபோன கிழட்டுப் பெட்டையைக் கடைசி வரை வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. கறி தின்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசு. ஆனால் தின்னப் போகிறோம் என்பதற்காக, இருக்கிற வரையிலும் அதை மிரட்டி வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. கறிக்கடையில் தோலுரித்துத் தொங்குவதை மட்டும் பார்த்து வளர்கிற குழந்தையைவிட, கோழிக்குப் பெயர் வைத்து, அது போன அன்று அழுகிற குழந்தைக்கு உயிர் என்றால் என்னவென்று கொஞ்சம் கூடவே தெரிந்திருக்கும்.

ஆகவே, சாதுக் கோழி எந்த ஜாதி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: விலைப்பட்டியலை மடித்து வையுங்கள். இன்று அந்தியில் உங்கள் தெருவில் கோழி வைத்திருக்கிற ஒரு கிழவியிடம் போய், எந்தக் கோழியின் முட்டையை அவள் அடைக்கு வைக்கிறாள் என்று கேளுங்கள்.